தேதி தெரியாத திதி: சயாம் இரயில்பாதையும் இழப்பீட்டுக் கேள்வியும்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15ஆம் நாளை நம் பள்ளிகள் முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கின்றன. 1942ஆம் ஆண்டு அதே நாளில்தான் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அந்த நாளையொட்டி மரவள்ளிக்கிழங்கின் கதையையும் பங்கீட்டு அரிசியின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். தமிழ் வகுப்பில் நானும் அதையொட்டி ஒரு பாடம் நடத்துவது வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பாடத்தில், பீச் ரோட்டில் உயர்ந்து நிற்கும் நான்கு தூண்களின் படத்தைக் காட்டினேன். போரில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவுச் சின்னம் அது என்றும், ஜப்பான் பிற்காலத்தில் சிங்கப்பூருக்கு 50 மில்லியன் வெள்ளி வழங்க ஒப்புக்கொண்டது என்றும் கூறினேன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். தன் கொள்ளுத்தாத்தா மலாயாத் தோட்டம் ஒன்றிலிருந்து "சயாமுக்கு" அழைத்துச் செல்லப்பட்டார் என்றும், திரும்பி வரவேயில்லை என்றும் பாட்டி சொல்லியிருப்பதாகக் கூறினாள். பிறகு கேட்டாள்: அந்த 50 மில்லியனில் எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு எவ்வளவு?

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் வரவில்லை. விடை "ஒன்றுமில்லை" என்பது எனக்குத் தெரியும். ஏன் ஒன்றுமில்லை என்பதைத்தான் அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கிப் படித்தவற்றையும் யோசித்தவற்றையும் ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரத்தக் கடன்

முதலில் அந்த 50 மில்லியன் வெள்ளியின் வரலாற்றைப் பார்ப்போம்.

சிங்கப்பூர் வீழ்ந்த சில நாள்களிலேயே சூக் சிங் எனப்படும் களையெடுப்பு தொடங்கியது. சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் சோதனை மையங்களுக்கு வரவழைக்கப்பட்டுக் கடற்கரைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை ஏறத்தாழ 5,000. சீனச் சமூகம் சொல்லிவரும் எண்ணிக்கை அதைப்போல் பல மடங்கு, 50,000 வரை. இனத்தின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தைப் பொறுக்கியெடுத்துக் கொன்ற கொடுமை அது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1962ஆம் ஆண்டில், சிக்லாப் வட்டாரத்தில் மண்ணைத் தோண்டியபோது எலும்புக் குவியல்கள் வெளிப்பட்டன. சீன வர்த்தக சபை முன்னின்று அவற்றைத் தோண்டியெடுக்கும் பணியை மேற்கொண்டது. "இரத்தக் கடனை அடை" என்ற முழக்கம் எழுந்தது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பாடாங் திடலில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு ஜப்பானிடம் 50 மில்லியன் வெள்ளி கேட்டனர். பிரதமர் லீ குவான் இயூ அக்கூட்டத்தில் உரையாற்றினார். நாடு தனியான பிறகு, 1966ஆம் ஆண்டு அக்டோபரில் உடன்பாடு எட்டப்பட்டது: 25 மில்லியன் நன்கொடை, 25 மில்லியன் சலுகைக் கடன். 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பீச் ரோட்டு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதன் அடியில் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் பெயர் தெரியாதவர்களின் எலும்புகள் உள்ளன.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடனைக் கேட்க ஓர் அமைப்பு இருந்தது. அதற்குப் பணமும் செய்தித்தாள்களும் திரளும் மக்களும் இருந்தனர். இரண்டாவது, சீனச் சமூகத்தின் கோரிக்கையாகத் தொடங்கியது, பின்னர் எல்லா இனத்தவருக்குமான நினைவாக விரிவுபடுத்தப்பட்டது. நான்கு தூண்களும் நான்கு இனங்களைக் குறிக்கின்றன. அவற்றில் ஒன்று நம்முடையது. அந்தத் தூணுக்குள் நாம் யாரை நினைக்கிறோம் என்பதுதான் அந்த மாணவியின் கேள்வி.

சயாமுக்குப் போனவர்கள்

1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பர்மாவில் இருந்த தன் படைக்குத் தளவாடங்கள் அனுப்ப ஜப்பானுக்குத் தரைவழி ஒன்று தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சுறுத்தின. தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை, மலையும் காடும் ஊடறுத்த 415 கிலோமீட்டர் தூரத்துக்கு இரயில்பாதை போடத் திட்டமிட்டார்கள். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இருபுறத் தண்டவாளங்களும் இணைந்தன. ஏறத்தாழ பதினைந்து மாதங்களில் முடிந்த வேலை. அந்த வேகத்துக்கு விலையாகப் போனவை மனித உயிர்கள்.

சாங்கியிலும் பிற இடங்களிலும் சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திரைப்படங்களும் நூல்களும் பெரும்பாலும் இவர்களைப் பற்றியவையே. ஆனால் அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2 இலட்சத்தை ஒட்டியது. பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர் எனப் பல இனத்தவர். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போர் தொடங்கியதும் இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரத்தை வெட்டுவதில் பயனில்லாமல் போயிற்று. தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. ஐரோப்பியத் துரைமார்கள் தப்பியோடியிருந்தனர் அல்லது சிறையில் இருந்தனர். அந்தப் பசியின் நடுவில்தான் ஆள் திரட்டும் வேலை தொடங்கியது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாத வேலை, குடும்பத்துக்குப் படி என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு ஆள் கிடைக்காதபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காலில் புரையோடிய புண்ணும் முன்பே இருந்தன. போர்க்கைதிகளும் இதே நோய்களுக்குப் பலியானார்கள். ஆனால் அவர்களிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கியவர்களின் முகாம்களில், ஆசியத் தொழிலாளிதான் மிக மலிவான உயிராக இருந்தான்.

பட்டியல் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

ஒருவர் இழப்பீடு பெறுவதற்கு முன் நடந்தாக வேண்டிய ஒன்று உண்டு. அவர் இருந்தார், அவருக்கு இது நேர்ந்தது என்று எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

போர்க்கைதிகளின் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து இரகசியமாகப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தனர். யார், எந்தப் படைப்பிரிவு, எந்த முகாமில், எந்த நாளில் இறந்தார் என்று எழுதி ஒளித்து வைத்தனர். போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு தேடுதல் குழு பாதை நெடுகப் பயணம் செய்து 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. இன்று காஞ்சனபுரிக்குச் செல்பவர்கள், ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கும் பசும்புல் மைதானத்தைக் காணலாம். பெயர், வயது, குடும்பத்தார் எழுதிய ஒரு வரி என அனைத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கிராஞ்சியிலும் அவ்வாறே 24,000 பெயர்கள் உள்ளன. பிரிட்டிஷ் கொடியின்கீழ் போரிட்டு மாண்ட இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் அவற்றுள் அடங்கும்.

தோட்டத் தொழிலாளிக்கோ இவை எதுவும் இல்லை. இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. தோட்டத்தில் அவன் பெயர் எழுதப்படாத நாளே கிடையாது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோலில் கிராணி பதிவு செய்வார். வெட்டிய மரக்கணக்கும் பாலின் எடையும் அரைநாள் வேலையும்கூட அவன் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கும். வேலை வாங்குவதற்கு அவன் பெயர் தேவைப்பட்டது. காட்டில் செத்து விழுந்தபோது தேவைப்படவில்லை. உடல்கள் குவியலாக எரிக்கப்பட்டன, குழிகளில் தள்ளப்பட்டன. 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுக்கும் பெயரில்லை.

திரும்பி வந்தவர்களின் நிலையும் இதுவே. ஜப்பானியர் கொடுத்த சம்பளம் வாழைமரப் படம் போட்ட நோட்டாக இருந்தது. 1945ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அந்த நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தது. உயிர் பிழைத்தவனின் உழைப்பும் ஒரே நாளில் வெற்றுக் காகிதமாயிற்று.

இழப்பீட்டிலும் இன வேறுபாடு

போருக்குப் பின் இழப்பீடு என்ற பேச்சு வந்தபோது என்ன நடந்தது?

1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலாயாவும் சிங்கப்பூரும் அப்போது காலனிகள். நம் சார்பில் பேசியது பிரிட்டன். பெரும்பாலான இழப்பீட்டு உரிமைகளை நேச நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தன. ஆனால் நடுநிலை நாடுகளில் இருந்த ஜப்பானின் சொத்துக்களைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்துப் பகிர்ந்தளிக்க ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. யாருக்கு? போர்க்கைதிகளாக இருந்த படைவீரர்களுக்கு. ஆசியத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் மதராஸ் மாகாணத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், சிங்கப்பூர் கையெழுத்திட்ட அதே நாளில், மலேசியாவும் ஜப்பானுடன் இதேபோன்ற ஒப்பந்தம் செய்துகொண்டது. மலேசியாவுக்குக் கிடைத்தது 25 மில்லியன் மதிப்பிலான உதவி. அது கடலோடும் இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. ஒரு புதிய நாட்டுக்குக் கப்பல்கள் பயனுள்ளவையே. ஆயினும் கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணின் லயத்து வாசலுக்குக் கப்பல் வராது.

2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, தூரக்கிழக்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தவர்களுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு வழங்க முன்வந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் கடன் கடன்தான் என்று ஒரு நாடு ஒப்புக்கொண்ட நற்செயல் அது. ஆனால் அந்தத் திட்டத்துக்குள்ளும் இனக்கோடு ஒன்று ஓடியது. பிரிட்டிஷ் படையில் பணியாற்றிச் சிறைப்பட்ட நேப்பாளக் கூர்க்காக்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அப்படி விலக்கியது நியாயமற்றது என்று 2002ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹாங்காங்கில் பிறந்து அங்கேயே சிறைவைக்கப்பட்ட டயானா எலியாஸ் என்ற பிரிட்டிஷ் குடிமகளுக்கும், தாமோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனில் பிறக்கவில்லை என்ற காரணத்தால் பணம் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், அந்த விதி இனப் பாகுபாடு காட்டுவதே என்று 2006ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

கூர்க்காக்களுக்குப் படைப்பிரிவுப் பதிவேடு இருந்தது. எலியாஸ் அம்மையாருக்குச் சிறைமுகாம் பதிவு இருந்தது. அதனால்தான் அவர்களால் நீதிமன்றப் படியேற முடிந்தது. தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைகள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவார்கள்?

"இன்றைய தலைமுறை ஏன் கொடுக்க வேண்டும்?"

இழப்பீடு என்றவுடன் எழும் கேள்வி இது. போரில் ஈடுபட்ட ஜப்பானியர் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். இன்று தோக்கியோவில் படிக்கும் பிள்ளை யாரையும் கொல்லவில்லை. பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரன் தண்டம் கட்டுவது நீதியா? இந்தக் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. ஆசிரியர் என்ற முறையில் நானும், ஓர் இனத்தின் மீதான வெறுப்பை மாணவர் மனத்தில் விதைக்கக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன்.

ஆயினும் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவனோடு போய்விடும். கடன் குடும்பத்தோடு தங்கும். தந்தையின் வீட்டையும் நிலத்தையும் ஏற்றுக்கொண்ட மகன், அவர் வாங்கிய கடன் மட்டும் எனக்குரியதன்று என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? நாடுகளும் அப்படியே. பழைய அரசின் சொத்துக்களையும் ஒப்பந்தங்களையும் புதிய அரசு ஏற்கிறது. கடனையும் ஏற்கத்தான் வேண்டும்.

இதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று உண்டு. 1833ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது 20 மில்லியன் பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது அடிமைகளுக்கு அன்று. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015ஆம் ஆண்டில்தான் அடைக்கப்பட்டது. முதலாளிகளுக்குக் கொடுத்த வாக்கை 180 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒரு சமூகம், அடிமைகளுக்குரிய கடனைப் பற்றிப் பேசும்போது மட்டும் "காலம் கடந்துவிட்டது" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? கரீபியன் நாடுகள் 2013ஆம் ஆண்டில் இழப்பீட்டு ஆணையம் அமைத்து எழுப்பிவரும் கேள்வி இதுவே. அந்த அடிமைமுறை ஒழிந்த பிறகு ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை நிரப்பத்தான் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அந்த வரலாற்றின் தொடர்ச்சியே மலாயாத் தோட்டம்.

நேர்மையாகக் கடன் அடைத்த எடுத்துக்காட்டுகளும் உள்ளன. போர்க்காலத்தில் தம் நாட்டின் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்த அமெரிக்கா, 1988ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது வதைபட்டவர்களுக்குப் பிரிட்டன் 2013ஆம் ஆண்டில் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 19.9 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. இவ்விரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். நாட்டுக்குக் கப்பல் தரவில்லை. இன்னாருக்கு இது நேர்ந்தது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டார்கள். பணம் அந்த ஒப்புதலின் பின்னால் வந்தது.

ஆகவே, கடந்தகால இன அநீதிக்கு ஒரு சமூகம் இழப்பீடு வழங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் விடை. ஆனால் அந்தக் கடனின் முதல் தவணை பணமன்று, பெயர். பெயரைப் பதியாமல் கொடுக்கும் தொகை, எவ்வளவு பெரிதாயினும், கணக்கை முடிக்கக் கொடுத்ததாகுமே தவிரக் கடனை அடைத்ததாகாது.

நம் பங்குக் கடன்

அந்தப் பெயரைப் பதிய வேண்டியவர்கள் யார்? ஜப்பான் தன் இராணுவ ஆவணங்களில் எஞ்சியிருப்பவற்றைத் திறந்து காட்டலாம். பிரிட்டன் தான் கொண்டுசென்ற காலனிக் காலக் கோப்புகளில் தேட உதவலாம். இவற்றைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1943ஆம் ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். ஆயிரக்கணக்கான தமிழர்கள் நகைகளையும் உயிரையும் கொடுக்க முன்வந்தனர். அதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம்; நினைவுகூர வேண்டியதும்தான். ஆனால் அதே மழை மாதங்களில்தான் சயாம் காட்டில் தோட்டத் தமிழர்கள் காலராவில் மடிந்துகொண்டிருந்தனர். சயாமுக்குப் பிடித்துப் போகாமல் தப்பிப்பதற்காகவே இராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. ஜப்பானுடன் நட்புக் கொண்டிருந்த மேடைகளில் அந்தத் தொழிலாளிகளின் ஓலத்துக்கு இடம் கிடைக்கவில்லை. தோட்டங்களில் ஆள் கணக்கை நிரப்பிக் கொடுத்தவர்களில் நம் கங்காணிகளும் கிராணிகளும் இருந்தார்கள். அவர்களும் மிரட்டலுக்கு அஞ்சியே செய்திருக்கலாம். ஆயினும் போனவர்கள் ஏழைகள், எழுத்தறியாதவர்கள். அவர்களுக்காகக் கேட்க ஒரு வர்த்தக சபை இல்லை. படித்த தமிழ்ச் சமூகமும் நெடுங்காலம் கேட்கவில்லை.

அந்த இரயில்பாதையில் இறந்த தொழிலாளிகளுக்காகத் தமிழிலும் பொறிக்கப்பட்ட முதல் நினைவுச் சின்னத்தை 1944ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் எழுப்பியது, அவர்களைச் சாகடித்த ஜப்பானிய இராணுவமே என்பது நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தி. மலேசியாவில் ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற எழுத்தாளர்கள் புதினங்களின் வழியாக இவ்வரலாற்றை மீட்டெடுத்தனர். அங்குள்ள ஆர்வலர்கள் தப்பிப் பிழைத்த முதியவர்களைத் தேடிச் சென்று அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தனர். 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் இத்தமிழர்களுக்காக நடுகல் நாட்டப்பட்டது; தமிழக அரசும் அதற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கியது. எண்பது ஆண்டுகள் கழித்து வந்த கல். தாமதமானாலும் வந்ததே என்று மகிழலாம். அந்தக் கல்லிலும் ஏறக்கூடிய பெயர்கள் இன்னும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன.

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஜொகூரிலும் பேராக்கிலும் கெடாவிலும் இருந்த தோட்டங்களில் வேர் கொண்டவை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்க வரும் முதிய அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க பெரியப்பா சயாமுக்குப் போனவர்" என்ற சொல்லை நீங்களும் கேட்கக்கூடும். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு நம் வழக்கப்படி மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். கணவன் இறந்தானா இருக்கிறானா என்பது தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்த பெண்கள் அந்தத் தோட்டங்களில் இருந்தார்கள். இறந்த தேதியைக்கூடத் தெரிவிக்காத அநீதிக்கு எந்த அரசும் விலை போட்டதில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி மாணவர்களுக்கு ஒரு சிறிய பணி கொடுக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: போரின்போது நம் குடும்பத்தில் யார் காணாமல் போனார்? அவர் பெயர் என்ன? எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் இருந்தார்? அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார்? இது எல்லா இனத்து மாணவர்களுக்கும் பொருந்தும் பணி. சீன நண்பனின் வீட்டிலும் சூக் சிங்கில் மறைந்த ஒருவர் இருக்கக்கூடும். இருவரும் எழுதியதை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டால், அந்த நான்கு தூண்கள் ஏன் ஓர் அடித்தளத்தில் நிற்கின்றன என்பதை நாம் விளக்க வேண்டியிராது.

பெற்றோர்களே, பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் போர்க்கால நேர்காணல்கள் பல உள்ளன. நம் வீட்டுக் கதை அங்கு இல்லையென்றால் நாமாவது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். நாளை யாராவது கடன் தீர்க்க வந்தால், யாருக்கு என்று கேட்பார்கள். காட்டுவதற்குக் கையில் பெயர் இருக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் மறுவாரம் இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் மலேசியாவில் இருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் பேசி நிரப்பிக்கொண்டு வந்தாள். பெயர் இருந்தது. தோட்டத்தின் பெயர் இருந்தது. கடைசியாகப் பார்த்தவர் என்ற இடத்தில், லாரியின் பின்னால் ஓடிய தம்பி என்று எழுதியிருந்தாள். அடியில் நான் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒன்றை அவளாகவே சேர்த்திருந்தாள்: இறந்த தேதி. அதற்கு நேராக ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தாள்.

அந்தத் தாளை நான் திருத்தவில்லை. கோப்பில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பெயர் இருந்தால், எழுதி வையுங்கள்.